அருவருப்பு வேறு, அருள் வேறு

(காளஹஸ்தியில் பௌர்ணமி உபோசத நாளன்று கூடிய அன்பர்களுக்குக் கூறிய அறவுரை)



சுவர்ணமுகி ஆற்றங்கரையில் அமைந்த இவ்வூரின் பெயரைச் சற்றே எண்ணிப் பாருங்கள். ஸ்ரீ என்பது சிலந்தி. காளம் என்பது பாம்பு. ஹஸ்தி என்பது யானை. இம்மூன்று உயிர்களும் இங்கு வழிபட்டுப் பேறு பெற்றன என்பது தலபுராணம். நாம் அப்புராணத்தைப் பின்பற்றுவோர் அல்லோம். ஆயினும், தன் பெயரிலேயே மூன்று விலங்குகளைத் தாங்கி நிற்கும் ஓர் ஊரில், விலங்கினிடத்து மனிதன் கொள்ள வேண்டிய நெறி யாது என்று ஆராய்வது பொருத்தமுடையதே யாகும்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளை நானாகத் தேர்ந்துகொள்ளவில்லை. நம் சங்கத்தைச் சார்ந்த இரண்டு இளைஞர்கள் என்முன் வைத்த வழக்கு அது. அவர்களுடைய இசைவு பெற்றே இங்கு கூறுகின்றேன், பெயர்களைக் கூறேன்.

இவ்விருவரும் பால்ய நண்பர்கள். மிதிவண்டியில் அயல்நாடுகளைக் காண வேண்டும் என்னும் ஆவலால், பல மாதங்கள் பொருள் சேர்த்து, வியட்நாம் நாட்டின் வடபகுதி மலைகளில் பயணம் செய்தனர். ஒருநாள் மாலை மழை பிடித்துக்கொண்டது. சிற்றூர் ஒன்றில் ஒரு குடியானவர் இவர்களை அழைத்துத் தம் இல்லத்தில் தங்க வைத்தார். இரவு சோற்றுடன் இறைச்சியும் பரிமாறப்பட்டது. இருவரும் உண்ணத் தொடங்கினர். பாதி உணவில், வீட்டுச் சிறுவன் ஒருவன் சைகையாலும் குரலாலும் அது நாயின் இறைச்சி என்பதை உணர்த்தினான்.

ஒருவர் துள்ளி எழுந்தார், வெளியே ஓடி வாந்தி எடுத்தார், திரும்பி வந்து, விருந்தளித்தவர்க்கு விளங்காத நம் மொழியிலே, "நாய் தின்னும் இழிந்தவர்களே!" என்று ஏசினார். மற்றவர் எழவில்லை. "ஊரில் ஆட்டையும் கோழியையும் சுவைத்து உண்ணும் உனக்கு இங்கு மட்டும் என்ன நீதி? ஆட்டுக்கு உயிரில்லையா? இது இவர்கள் வழக்கம், விருந்தோம்பியவரை அவமதிப்பதே பாவம்" என்று கூறி, உணவை முழுதும் உண்டு முடித்தார். அன்று தொடங்கிய வழக்கு மலைப்பாதை நெடுகிலும் நீண்டது. இறுதியில் இருவரும் தனித்தனியே ஊர் திரும்பினர். இருபது ஆண்டு நட்பு ஒரு தட்டுச் சோற்றில் முறிந்தது. "இருவருள் யார் சொன்னது தன்மம்?" என்பதே அவர்கள் கேள்வி.

அன்பர்களே! முதலாமவர் கூறிய அந்த ஏச்சினை முதலில் எடுத்துக்கொள்வோம். அச்சொல் நமக்குப் புதியதன்று. "சுவபசன்" என்று வடமொழி நூல்களில் ஒரு சொல் உண்டு. நாயைச் சமைப்பவன் என்பது அதன் பொருள். மனுஸ்மிருதி சண்டாளரையும் சுவபசரையும் ஊருக்கு வெளியே வாழ வைத்து, நாயும் கழுதையுமே அவர்கள் செல்வம் என்று விதித்தது. ஒருவன் எதை உண்கின்றான் என்னும் பழியை, அவன் மட்டுமன்றி அவன் பிள்ளைகளும் பிள்ளைகளின் பிள்ளைகளும் சுமக்கும்படிச் செய்தது அந்நூல். உணவைக் காட்டி மனிதரைத் தீண்டத்தகாதவர் ஆக்கிய வரலாற்றை அண்ணல் அம்பேத்கர் 1948-இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்திருப்பதை நீவிர் அறிவீர்கள். 1898-இல் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவிய பண்டித அயோத்திதாசர், நம் முன்னோர்மீது சுமத்தப்பட்ட இத்தகைய இழிபெயர்களை நீக்குவதற்கே தம் வாழ்நாளைச் செலவிட்டார்.

மகாபாரதத்தின் சாந்தி பருவத்தில் ஒரு கதை உண்டு. பன்னீராண்டுப் பஞ்சத்தில் பசியால் வாடிய விசுவாமித்திரர், இரவில் ஒரு சண்டாளனுடைய குடிசையிலே நாயின் தொடையைத் திருடப் புகுகின்றார். சண்டாளன் விழித்துக்கொண்டு, "முனிவரே! இது உமக்குத் தகாது" என்று பலவாறாக எடுத்துரைக்கின்றான். முனிவரோ உயிரைக் காப்பதே முதல் அறம் என்று வாதித்து, அதனை எடுத்துச் செல்கின்றார். இதில் வியப்பு யாதெனில், நாயிறைச்சியை விரும்பிச் சென்றவர் கதை முடிவிலும் மகரிஷியாகவே விளங்குகின்றார். வேண்டாம் என்று அறம் உரைத்தவனோ கதை முடிவிலும் சண்டாளனாகவே நிற்கின்றான். அப்படியானால் இழிவு இறைச்சியில் இருந்ததா? பிறப்பின்மீது வைத்த வெறுப்பில் அன்றோ இருந்தது!

இந்த வெறுப்பினால் பல நூற்றாண்டுகள் புண்பட்ட குலத்திலே பிறந்த நம் இளைஞர், அதே சொல்லை எடுத்து, மழையில் நனைந்து வந்த தமக்கு இடங்கொடுத்த ஏழைக் குடியானவர்மீது வீசினார். அவர் உணவை மறுத்தது குற்றமன்று. மனிதரை இழித்ததே குற்றம். சுத்த நிபாதத்தில் ஆமகந்த சுத்தம் என்றொரு பகுதி உண்டு. ஊனுணவே நாற்றமுடையது என்று வாதித்த ஓர் அந்தணர்க்குக் காசியப புத்தர் அளித்த மறுமொழியாக அது அமைந்துள்ளது. கொலையும் கொடுமையும், களவும் பொய்யும், செருக்கும் பிறரை இகழ்தலுமே உண்மையான நாற்றம் என்பது அதன் கருத்து. அன்றிரவு அவ்வீட்டு முற்றத்தில் வீசிய நாற்றங்களுள் அந்த ஏச்சும் ஒன்று.

இவ்வூர்க் கதையும் இதனையே கூறுகின்றது. உடுப்பூர் வேடர் தலைவன் மகனாகிய திண்ணன், வேட்டையாடிய பன்றியின் இறைச்சியைப் பக்குவம் செய்து, தானே சுவைத்துப் பார்த்து, நல்லனவற்றைத் தெரிந்து இம்மலைமேல் படைத்தான் என்று சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாடினார். மறுநாள் வந்த சிவகோசரியார் எலும்பையும் ஊனையும் கண்டு பதறினார்; கூட்டி எறிந்து, தூய்மை செய்தார். இறுதியில் வேடன் தன் கண்ணையே இடந்து அப்பியதைக் கண்டபோது, எவனுடைய நாற்றத்துக்கு அஞ்சினாரோ அவனுடைய அன்புக்கு முன்னே அவர் தலை குனிந்தது. சைவ நூலேயாயினும், அருவருப்பு என்பது அன்பை அளக்கும் கோல் ஆகாது என்னும் உண்மையை அது உரைப்பதால், நாம் அதனைப் போற்றுகின்றோம்.

இதுகாறும் கேட்ட இரண்டாமவர், தம் பக்கமே தீர்ப்பு என்று மகிழ்ந்திருக்கக் கூடும். அவருக்கும் ஒரு கேள்வி உண்டு. கண்ணப்பர் கதையில் வேடனுடைய அன்பைப் பேசுவோர் உளர். அந்தணருடைய மனமாற்றத்தைப் பேசுவோர் உளர். அந்தப் பன்றியைப் பற்றிப் பேசுவோர் யாவர்? நாய்கள் துரத்த, சுரிகையால் குத்துண்டு, உயிர் துடித்து வீழ்ந்த அவ்விலங்குக்காகப் பேச அக்கதையில் ஒருவரும் இலர். அதற்காகப் பேசுவதே புத்த தன்மம். வேடனை இகழாதே என்பதோடு அது நின்றுவிடுவதில்லை. பன்றியையும் மறவாதே என்று மேலும் ஓரடி செல்கின்றது.

"ஆட்டை உண்பவன் நாயை ஏன் உண்ணலாகாது?" என்று நண்பர் கேட்டார். இரண்டும் உயிர்தான், ஐயமில்லை. ஆனால் சமம் என்று கண்டபின் மேலே ஏறலாம், கீழேயும் இறங்கலாம். நாயினிடத்தில் எனக்கு இரக்கம் உண்டு, ஆகவே ஆட்டினிடத்தும் இரங்குவேன் என்பது மேலே ஏறுவது. ஆட்டினிடத்தில் எனக்கு இரக்கமில்லை, ஆகவே நாயினிடத்தும் வேண்டாம் என்பது கீழே இறங்குவது. அவ்விரவில் நண்பர் உரைத்த நியாயம் சரியான நியாயமே. அவர் அதைக்கொண்டு சென்ற திசையே தவறு.

குக்குர ஜாதகம் என்னும் கதையைக் கேளுங்கள். வாரணாசியில் பிரமதத்தன் ஆண்டபொழுது, முற்றத்தில் மழையில் நனைந்து கிடந்த அரசனுடைய தேரின் தோல் வார்களை இரவில் நாய்கள் கடித்துத் தின்றுவிட்டன. நாய்களை எல்லாம் கொல்க என்று அரசன் ஆணையிட்டான். அரண்மனை நாய்களுக்கு மட்டும் விலக்கு. அக்காலத்தில் போதிசத்துவர் சுடுகாட்டில் வாழும் ஒரு நாயாகப் பிறந்திருந்தார். அஞ்சி ஓடிவந்த தம் இனத்தார்க்கு அபயம் அளித்து, தனியே அரசவைக்குச் சென்று, "அரசே! குற்றவாளி யார் என்று விசாரித்தாயா?" என்று கேட்டார். விசாரிக்கவில்லை. மோரில் புல்லைக் கலந்து அரண்மனை நாய்களுக்கு ஊட்டச் செய்தார். அவை தோல் துண்டுகளைக் கக்கின. செல்லமாக வளர்க்கப்பட்டவை செய்த குற்றத்திற்குத் தெருவில் திரிந்தவை உயிர் இழந்தன என்பது வெளிப்பட்டது. அரசன் எல்லா உயிர்களுக்கும் அபயம் அளித்தான்.

மடியில் வைத்துக் கொஞ்சும் உயிர்க்கு ஒரு நீதி, கண்ணுக்கு எட்டாத உயிர்க்கு வேறொரு நீதி என்று வகுப்பது பௌத்தம் அன்று. "விசாரித்தாயா?" என்னும் அந்தக் கேள்வியை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

இனி, நாயிறைச்சியைப் பற்றிப் பகவான் நேரடியாக விதித்தது யாது? விநய பிடகத்தின் மகாவக்கத்தில் இது காணப்படுகின்றது. வாரணாசியில் சுப்பியை என்னும் உபாசிகை, நோயுற்ற ஒரு பிக்ஷுவுக்கு இறைச்சி ரசம் தருவதாக வாக்களித்தாள். அன்று நகரில் கொலை விலக்கிய நாள். எங்கும் இறைச்சி கிடைக்கவில்லை. வாக்குத் தவறலாகாது என்று தன் தொடையை அரிந்து சமைத்து அனுப்பினாள். செய்தி அறிந்த பகவான் அப்பிக்ஷுவை அழைத்து, "உண்ணுமுன் விசாரித்தாயா?" என்றே கேட்டார். இல்லை என்றான். அன்று முதல் மனித ஊன் விலக்கப்பட்டது. விசாரியாமல் இறைச்சி உண்பதும் குற்றம் என்று விதிக்கப்பட்டது.

அதனைத் தொடர்ந்து யானை, குதிரை, நாய், பாம்பு, சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, கழுதைப்புலி ஆகிய ஒன்பதும் பிக்ஷுக்களுக்கு விலக்கப்பட்டன. மனித ஊனோடு சேர்த்துப் பத்து. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. யானையும் குதிரையும் அரசனுடைய அங்கங்கள். சிங்கம் புலி முதலியவற்றை உண்டவர்களை, ஊன் மணத்தால் அவ்விலங்குகள் காட்டில் தாக்கின. நாயைப் பற்றிய காரணம் யாதெனில், பஞ்சகாலத்தில் மக்கள் நாயிறைச்சி உண்டனர், பிக்ஷுக்களுக்கும் இட்டனர். நாய் அருவருக்கத்தக்கது, அதைச் சாக்கிய சமணர் உண்பதா என்று வேறு சிலர் முறையிட்டனர். பகவான் அதனை விலக்கினார்.

இங்கே நுட்பமாக நோக்குங்கள். பஞ்சத்தில் நாயை உண்ட ஏழை மக்களைப் பகவான் இழித்துரைத்ததாக அங்கே ஒரு சொல்லும் இல்லை. இல்லறத்தார்மீது அவ்விலக்கை அவர் சுமத்தவும் இல்லை. ஊராரின் அன்னத்தில் வாழும் பிக்ஷு ஊரார் மனம் புண்படாமல் நடக்க வேண்டும் என்பதே அவ்விதியின் கருத்து. அருவருப்பை அவர் ஒரு சமூக உண்மையாக மதித்தார். அதை அறமாக உயர்த்தவில்லை.

அறம் எது என்பதை ஜீவக சுத்தத்தில் உரைத்தார். தனக்கெனக் கொல்லப்பட்டதாகக் கண்டதும், கேட்டதும், ஐயுற்றதும் ஆகிய ஊனை உண்ணலாகாது. ஊன் வாணிபம் உபாசகருக்கு விலக்கப்பட்ட ஐந்து வாணிபங்களுள் ஒன்று. பிற்கால மகாயானத்தில் லங்காவதார சூத்திரம் ஊனுணவையே முழுதும் விலக்கிற்று. உண்பவர் இருப்பதாலேயே விற்பவர் இருக்கின்றனர் என்று நம் வள்ளுவரும் உணர்த்தினார். இவற்றுள் எந்நெறியில் நிற்பினும் தொடக்கம் ஒன்றே: விசாரித்தல்.

அன்பர்களே! இந்தச் சொற்களை நான் இவ்விளைஞர்களிடம் கூறிய மறுநாள், நாயிறைச்சியை உண்டு முடித்தவர் தனியே என்னிடம் வந்தார். நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர்க் கூறினார்: "ஐயா! அன்று மாலை நாங்கள் வண்டியை நிறுத்தியபோது முற்றத்தில் ஒரு நாய் கட்டப்பட்டிருந்தது. என் கையை நக்கியது. இரவு உணவுக்கு அமர்ந்தபோது கயிறு மட்டும் கிடந்தது. சிறுவன் சொல்லுமுன்பே எனக்கு ஐயம் எழுந்தது. கேட்டால் உண்ண இயலாது என்பதனாலேயே நான் கேட்கவில்லை. பின்பு நண்பனிடம் அத்தனை வாதம் செய்ததும் அந்தக் கயிற்றை மறப்பதற்காகவே."

கண்டது, கேட்டது, ஐயுற்றது என்னும் மூன்றனுள் மூன்றாவது எத்துணைக் கூர்மையானது என்பது அன்றுதான் எனக்கும் விளங்கிற்று. நூலறிவால் நான் நெடுங்காலம் விளக்கி வந்த சொல்லை அவர் ஒரு கயிற்றால் விளக்கினார்.

இவ்வழக்கு இவ்விருவர் வழக்கு மட்டுமன்று. நம் நாட்டிலேயே நாகாலாந்து அரசு 2020 ஜூலையில் நாய் வாணிபத்தையும் நாயிறைச்சி விற்பனையையும் தடை செய்தது. கௌகாத்தி உயர் நீதிமன்றத்தின் கொஹிமா அமர்வு அவ்வாண்டே அதனை நிறுத்தி வைத்து, 2023 ஜூனில் அவ்வாணையை நீக்கியது. வாயும் கால்களும் கட்டப்பட்டு மூட்டைகளில் திணிக்கப்பட்ட நாய்களுக்காகக் குரல் கொடுத்தவர்கள் செய்தது நல்லது. ஆனால், அக்குரல்களோடு சேர்ந்து, மலைவாழ் மக்களையே காட்டுமிராண்டிகள் என்று ஏசிய குரல்களும் எழுந்தன. இந்தக் கலப்பே கேட்டை விளைக்கின்றது. தன்னை இழிப்பவன் சொல்லும் அறத்தை எந்த மனிதனும் ஏற்கமாட்டான்.

தென்கொரியாவில் நிகழ்ந்தது வேறு. நெடுங்காலம் அயலார் அந்நாட்டினரை நாய் தின்போர் என்று பழித்தனர். பழிப்பினால் வழக்கம் மாறவில்லை. பின்னர், வீட்டில் நாய் வளர்க்கும் அந்நாட்டுத் தலைமுறையே மனம் மாறிற்று. 2024 ஜனவரியில் அவர்களுடைய தேசிய சபையே, உணவுக்காக நாயை வளர்ப்பதையும் கொல்வதையும் விற்பதையும் 2027 முதல் தண்டனைக்குரியதாக்கும் சட்டத்தை இயற்றியது. வியட்நாமிலும் ஹோய் ஆன் நகரம் 2021-இல் நாய், பூனை இறைச்சி வாணிபத்தைப் படிப்படியாக நிறுத்த இசைந்தது. இரக்கம் ஒரு நாட்டின் உள்ளிருந்து முளைக்க வேண்டும். வெளியிலிருந்து எறியும் கல்லால் அது முளைக்காது.

அப்படியாயின் அயல்நாட்டில் விருந்தினனாக அமர்ந்தவன் செய்யத்தக்கது யாது? இதற்கு விடை நம் மணிமேகலையிலேயே உண்டு. ஆதிரையின் கணவனாகிய சாதுவன் மரக்கலம் உடைந்து நாகர் வாழும் தீவின் மலைப்பக்கத்தை அடைந்தான். (பெயர் ஒற்றுமையால் இந்நாகரை இன்றைய நாகாலாந்து மக்களோடு இணைத்துவிடாதீர்கள்.) அவர்கள் மனிதரையே உண்பவர். அவனைச் சூழ்ந்தபோது, சாதுவன் அவர்கள் மொழியிலேயே பேசினான். ஆகவே உயிர் பிழைத்தான். அவர்கள் தலைவன் கள்ளும் ஊனும் பெண்ணும் அளித்து உபசரித்தான். சாதுவன் அவற்றை மறுத்தான். ஏன் மறுக்கின்றேன் என்பதையும் எடுத்துரைத்தான். தலைவன் நகைத்தான், வினவினான், இறுதியில் கேட்டான். உங்கள் அறத்தை எங்களால் முழுதும் தாங்க இயலாதே, எங்களால் இயன்றதைக் கூறு என்றான். சாதுவன் அவனை இழிக்கவில்லை. கலம் உடைந்து வருவோரைக் காப்பாற்றுக, மூத்துத் தாமே இறக்கும் விலங்கின் ஊனையன்றிப் பிற உயிர்க்குத் தீங்கு செய்யற்க என்று, அவர்கள் நடக்கக் கூடிய முதற்படியைக் காட்டினான். தலைவன் ஏற்றான்.

சாதுவன் உண்ணவும் இல்லை, ஏசவும் இல்லை. நம் இளைஞர்களுள் ஒருவர் ஏசினார், மற்றவர் உண்டார். சாதுவனுக்கு இருந்து இவர்களுக்கு இல்லாமற்போனது மொழி. வியட்நாமிய மொழியில் மரக்கறி உணவு உண்பதை "அன் சாய்" என்பர். அந்நாட்டுப் பௌத்தக் குடும்பங்கள் பலவும் சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பௌர்ணமியிலும் ஊன் நீக்கி உண்பது வழக்கம். வாயில் நுழையும்போதே இவ்விரண்டு சொற்களைக் கைகூப்பிச் சொல்லியிருந்தால், அக்குடியானவர் முகம் மலர்ந்து கீரையும் சோறும் இட்டிருப்பார். கயிற்றில் கட்டியிருந்த அந்த நாய் மறுநாள் காலையிலும் வால் குழைத்திருக்கும். ஆயிரம் காதம் மிதிவண்டியில் செல்லத் தெரிந்தவர்கள் இரண்டு சொற்களைக் கற்காமல் சென்றனர். அதன் விலையை ஓர் உயிர் செலுத்திற்று.

ஆகவே என் தீர்ப்பைக் கூறுகின்றேன். மறுத்தவர் செயல் நன்று, சொல் தீது. உண்டவர் சொல்லில் ஒரு பாதி நன்று, செயல் தீது. முன்னவர் மனிதனை மறந்தார். பின்னவர் விலங்கை மறந்தார். இரண்டையும் மறவாமையே மைத்திரி.

அயலூர் செல்வோர் உண்ணும் நெறியை முன்னதாகவே பணிவுடன் தெரிவியுங்கள். ஐயம் எழுந்தால் விசாரியுங்கள். விடைக்கு அஞ்சி வாய் மூடாதீர்கள். மறுக்க நேர்ந்தால் உணவை மறுங்கள், உணவளித்தவரை மறாதீர்கள். ஊர் திரும்பியபின், அங்கு நாய்க்காகக் கலங்கிய மனத்தை இங்கு ஆட்டின் முன்னும் கோழியின் முன்னும் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். இன்றே அனைத்தையும் விடுக என்று நான் வற்புறுத்தவில்லை; சாதுவன் காட்டியதுபோல் முதற்படியைக் காட்டுகின்றேன். உபோசத நாட்களிலாவது ஊனை நீக்குங்கள்.

இவ்விருவரும் இன்று இச்சபையில் ஒரே பாயில் அமர்ந்திருப்பதைக் காண்கின்றேன். ஏசியவர், அக்குடியானவர்க்கு மன்னிப்புக் கோரி ஒரு கடிதம் எழுதி, அதை அவர் மொழியில் பெயர்த்துத் தருவோரைத் தேடிக்கொண்டிருக்கின்றார். உண்டவர் அன்று முதல் ஊனுண்பதில்லை. நாய் மீளாது, நட்பு மீண்டது.

எல்லா உயிர்களும் துன்பம் நீங்கி இன்புற்று வாழ்க!